ஜன்னல் வரிக்காகவா அடைத்தார்கள்? லண்டன் பெட்ஃபோர்ட் சதுக்கத்துச் செங்கல் வீடுகள்

4 மார்ச், வாசகர் கேள்வி

லண்டன் புளூம்ஸ்பரி பகுதியில் நடந்தபோது, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட ஒரு மூலை வீட்டின் பக்கவாட்டுச் சுவரில் ஜன்னல் இருக்க வேண்டிய மூன்று இடங்கள் செங்கல்லால் அடைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். அக்காலத்து ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்துவிட்டார்கள் என்று உடன் வந்த வழிகாட்டி சொன்னார். அந்த வீடுகளின் முகப்பு எந்த அலங்காரமும் இல்லாமல் மொட்டையாக நிற்பதற்கும் வரிதான் காரணமா?

4 மார்ச், இரவு

வரி இருந்தது உண்மை. மூன்றாம் வில்லியம் ஆட்சியில் 1696இல் வந்தது, 1851இல் நீக்கப்பட்டது. தொடக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் 2 ஷில்லிங். பத்து முதல் பத்தொன்பது ஜன்னல்கள் இருந்தால் அதற்கு மேல் 4 ஷில்லிங். இருபதும் அதற்கு மேலும் என்றால் 8 ஷில்லிங். பிறகு விகிதங்கள் பலமுறை மாறின. 1784இல் பிரதமரான இளைய பிட், கடத்தலை ஒழிப்பதற்காகத் தேயிலை மீதான தீர்வையை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைத்தார். அதில் ஏற்பட்ட வருவாய் இழப்பை ஜன்னல் வரியை உயர்த்தி ஈடுகட்டினார். தேநீர் மலிந்தது, அதைக் குடிக்கும் அறைக்கு வெளிச்சம் விலையேறியது.

ஆனால் நீங்கள் பார்த்த மூலை வீட்டின் அடைப்புக்கு அந்த வரி காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வரிசை வீடுகளில் கணப்புகள் பக்கச் சுவரில்தான் அமைந்திருக்கும். நிலவறை முதல் மேல்மாடி வரை ஒவ்வொரு கணப்பிலிருந்தும் ஒரு புகைபோக்கி அந்தச் சுவருக்குள்ளேயே ஏறிப் போகும். வரிசையின் கடைசி வீட்டில் அந்தச் சுவர் தெருவைப் பார்த்து நிற்கிறது. அங்கே உண்மையான ஜன்னல் வைத்தால் புகைபோக்கியை அறுக்க வேண்டும். வைக்காவிட்டால் நான்கு மாடி உயரத்துக்கு வெறுஞ்சுவர் நிற்கும். எனவே முகப்பின் தாளத்தைப் பக்கவாட்டிலும் தொடர்வதற்காக, ஜன்னல் வடிவத்தில் ஓர் உள்வாங்கிய குழியை மட்டும் விட்டுக் கட்டினார்கள். அது ஒருநாளும் ஜன்னலாக இருந்ததில்லை.

5 மார்ச்

"எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அடைப்பின் செங்கல் வரிசைகள் சுற்றியுள்ள சுவரின் வரிசைகளோடு ஒரே மட்டத்தில் ஓடுகின்றனவா, கல்லும் ஒரே நிறமா, குழியின் ஆழம் எல்லாத் தளங்களிலும் ஒன்றா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் சுவர் எழும்பும்போதே கட்டியது. அடைப்பின் இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழாக நேர்கோடாக ஒரு சந்து தெரிந்து, கல்லின் உயரமும் மாறி, அடியில் தேய்ந்த ஜன்னல் படிக்கல் இருந்தால் பின்னால் அடைத்தது. எனக்குக் கட்டடப் பராமரிப்பு வேலை. இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சுவரோடு கன்னத்தை ஒட்டி நின்றதற்காக ஒரு காவலர் என்னிடம் நலம் விசாரித்த அனுபவமும் உண்டு.

வரிக்காக அடைத்த ஜன்னல்கள் எங்கே அதிகம் என்றால், ஏழைகள் பல குடும்பங்களாக நெருக்கியடித்து வாழ்ந்த வாடகைக் கட்டடங்களில். அங்கே வரியைக் கட்ட வேண்டியவர் சொந்தக்காரர். இருட்டில் இருக்க வேண்டியவர்கள் குடியிருப்போர். 1840களில் பொதுச் சுகாதாரம் பேசியவர்கள் இந்த வரியை வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் போட்ட வரி என்று கண்டித்தது அதனால்தான். புளூம்ஸ்பரியின் பெட்ஃபோர்ட் சதுக்கத்தில் வீடு வாங்கும் வசதி உள்ள வழக்கறிஞர் தன் வரவேற்பறையின் முகப்பு ஜன்னலைச் சில ஷில்லிங்குக்காக அடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு வழக்கறிஞரின் முகத்தில் விழித்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

8 மார்ச்

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இன்னும் விடை சொல்லவில்லை. முகப்பின் எளிமைக்குக் காரணம் வரி அன்று. கட்டடச் சட்டமும் குத்தகையும். பொத்தாம்பொதுவாகப் பேசாமல் ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: பெட்ஃபோர்ட் சதுக்கம், 1775 முதல் 1783 வரை கட்டப்பட்டது. நான்கு பக்கமும் ஏறத்தாழ முழுமையாக இன்றும் நிற்கிறது.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் லண்டன் நகர எல்லைக்குள் செங்கல்லோ இயற்கைக் கல்லோ கட்டாயம் ஆயிற்று. 1707ஆம் ஆண்டுச் சட்டம் கூரை விளிம்பில் நீண்டிருந்த மர வேலைப்பாட்டைத் தடைசெய்தது. அதனால் முகப்புச் சுவர் கூரைக்கு மேலும் எழும்பிக் கைப்பிடிச் சுவராக முடியலாயிற்று. 1709ஆம் ஆண்டுச் சட்டம் ஜன்னல் சட்டத்தைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னது. தெருவில் தீ பாயும்போது முதலில் பற்றுவது வெளியே தெரியும் மரம் என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இவற்றையெல்லாம் திரட்டி வந்ததுதான் 1774ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம். இதை வரைந்தவர்கள் சர் ராபர்ட் டெய்லரும் இளைய ஜார்ஜ் டான்ஸும். இருவரும் கட்டடக் கலைஞர்கள். மேலும் கீழும் நகரும் ஜன்னலின் எடைக்கட்டைகள் தொங்கும் மரப்பெட்டி வெளியே தெரியாமல் செங்கல்லுக்குப் பின்னால் மறைய வேண்டும் என்று இந்தச் சட்டம் விதித்தது. அதனால்தான் 1780இல் கட்டிய வீட்டில் தெருவிலிருந்து பார்த்தால் ஜன்னல் மரத்தின் மெல்லிய கோடு மட்டுமே தெரிகிறது. 1720இல் கட்டிய வீட்டில் பட்டையான மரச்சட்டம் முழுவதும் வெளியே தெரிகிறது.

வீடுகளைத் தரம் பிரித்ததும் இந்தச் சட்டமே. முதல் தரம் என்றால் 850 பவுண்டுக்கு மேல் மதிப்பும் 900 சதுர அடிக்கு மேல் தரைப்பரப்பும். இரண்டாம் தரம் 300 முதல் 850 பவுண்டு வரை. மூன்றாம் தரம் 150 முதல் 300 பவுண்டு வரை. நான்காம் தரம் அதற்கும் கீழே. ஒவ்வொரு தரத்துக்கும் சுவர்க் கனம் வரையறுக்கப்பட்டது. அதைச் சரிபார்க்க வட்டாரந்தோறும் அளவையர் நியமிக்கப்பட்டார். விதிமுறைகள் கட்டடத்தை ஒரே அச்சில் வார்த்துவிட்டன என்று அடுத்த நூற்றாண்டில் பலர் சலித்துக்கொண்டார்கள். அந்தச் சலிப்பு நியாயமானதுதான். ஆனால் வீடு எரியவில்லை.

9 மார்ச்

நேற்றைய குறிப்புக்கு ஒரு வரம்பு போட வேண்டும். சட்டம் எதைச் செய்யக்கூடாது என்று சொன்னதே தவிர, முதல் மாடி ஜன்னல் மற்றவற்றைவிட உயரமாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அது இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் வழியில் வந்த ரசனை. விருந்தினரை வரவேற்கும் அறை முதல் மாடியில் இருக்கிறது, எனவே அங்கே ஜன்னல் மிக நீளம். இரண்டாம் மாடிப் படுக்கையறையில் குறைந்துவிடும். அதற்கு மேலே சதுரமாகச் சுருங்கிவிடும். தூண்களை எடுத்துவிட்டு, தூண்கள் இருந்தால் எந்த விகிதம் வருமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு கட்டிய முகப்பு அது.

பெட்ஃபோர்ட் சதுக்கத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. நான்கு பக்கமும் ஒவ்வொரு வரிசையும் ஒரே அரண்மனை போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக நடுவிலுள்ள வீட்டுக்கு மட்டும் வெண்சாந்து பூசி, அரைத்தூண்களும் முக்கோண முகடும் வைத்தார்கள். வடக்கிலும் தெற்கிலும் நடுவில் இரண்டு வீடுகள் சேர்ந்துவிட்டன. இரண்டையும் சமமாக நடத்த ஐந்து அரைத்தூண்கள் வைக்க நேர்ந்தது. விளைவாக முகட்டின் நேர் நடுவில், வாசல் போன்ற ஓர் இடைவெளி வர வேண்டிய இடத்தில், ஒரு தூண் வந்து நிற்கிறது. செவ்வியல் கட்டடக்கலை இலக்கணம் படித்தவர்களுக்கு அது கண்ணில் விழுந்த தூசு. எனக்கு அந்தப் பிழை பிடித்திருக்கிறது.

9 மார்ச், சற்றுப் பின்

வடிவமைத்தவர் யார் என்று கேட்டவருக்கு: தாமஸ் லெவர்டன் பெயர் அடிக்கடி சொல்லப்படுகிறது. அவர் 13ஆம் எண் வீட்டில் குடியிருந்தார். 1ஆம் எண் வீட்டை அவருடையது என்று சொல்வதில் பெரும்பாலோர்க்குக் கருத்து வேறுபாடு இல்லை. சதுக்கம் முழுவதற்கும் ஒருவரைச் சொல்ல முடியாததற்குக் காரணம், அந்த முறையில் அப்படி ஒருவர் தேவைப்படவே இல்லை என்பதுதான். குத்தகை பற்றி எழுதும்போது வருகிறேன்.

13 மார்ச்

குத்தகை. இந்த இழையில் எதையாவது ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். சட்டத்தைவிட, வரியைவிட, இந்த வீடுகளை விளக்குவது இதுதான்.

நிலம் பெட்ஃபோர்ட் கோமகனுடையது. நான்காம் கோமகன் 1771இல் இறந்தபோது வாரிசான பேரன் சிறுவன். எனவே பாட்டியான கோமகள் ஜெர்ட்ரூடும் மற்ற பொறுப்பாளர்களும் சொத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நிலத்தை விற்பதில்லை, நீண்ட காலக் குத்தகைக்கு விடுவார்கள். பெரிய நிலக்கிழார்களிடம் 99 ஆண்டு என்பது வழக்கமான காலம். குத்தகை எடுப்பவர் கட்டட ஒப்பந்தக்காரர். இங்கே வில்லியம் ஸ்காட், ராபர்ட் குரூஸ் என்ற இருவர் முக்கியமானவர்கள். கட்டும் காலத்தில் ஒப்பந்தக்காரர் தரும் வாடகை பெயரளவுக்குத்தான்: ஆண்டுக்கு ஒரு மிளகு. வீடு எழும்பிய பிறகே உண்மையான நில வாடகை தொடங்கும்.

ஒப்பந்தக்காரரிடம் கையில் பணம் இருக்காது. எனவே அவர் சுவரையும் கூரையையும் முடித்து, உள்ளே தரையோ பூச்சோ இல்லாத கூடாகவே மீதக் குத்தகையை விற்கப் பார்ப்பார். வாங்குபவர் தன் விருப்பப்படி உள்வேலையை முடித்துக்கொள்வார். கொத்தனார் தச்சர் எடுத்த வீட்டில் சுவர் எழுப்ப, தச்சர் கொத்தனார் எடுத்த வீட்டில் கதவு போட, கூலிக்குக் கூலி என்று பணமே புழங்காமல் வேலை நடந்ததும் உண்டு. நிலக்கிழாருக்கு வேண்டியது முகப்பின் ஒழுங்கு. அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். உள்ளே என்ன நடந்தது என்பது அவர் கவலை அன்று.

ஆகவேதான் பெட்ஃபோர்ட் சதுக்கத்தில் ஒரே மாதிரியான வாசல்களுக்குப் பின்னால் வேறு வேறு வீடுகள் இருக்கின்றன. ஒன்றில் உட்கூரையில் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடமின் பாணியில் சாந்துச் சித்திரம். அடுத்ததில் வெறும் விளிம்புக் கோடு. முகப்பு நிலக்கிழாருடையது, உள்ளறை குடியிருப்பவருடையது, நடுவிலுள்ள சுவர் ஒப்பந்தக்காரரின் இலாபம். அந்த மூன்றாவது பகுதியில்தான் எனக்கு வேலை கிடைக்கிறது.

16 மார்ச்

என் வேலையில் இப்படி ஒரு சுவரைத் திறந்து பார்த்தது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. வீட்டின் பெயரும் தெருவும் வேண்டாம். புளூம்ஸ்பரியில், 1790களைச் சேர்ந்த மூன்றாம் தர வீடு. முகப்புச் சுவர் இரண்டாம் மாடி மட்டத்தில் தெருப் பக்கமாக உப்பியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மாசற்ற பிளெமிஷ் கட்டு: ஒரு கல் நீளவாட்டில், அடுத்தது குறுக்குவாட்டில், மீண்டும் நீளவாட்டில். குறுக்குக் கல்லின் வேலை சுவரின் உட்பகுதிக்குள் நுழைந்து வெளித்தோலையும் உள்சுவரையும் பிணைப்பது. நாங்கள் ஒரு குறுக்குக் கல்லை மெதுவாகச் சுரண்டி எடுத்தோம். அரைக் கல்தான் வந்தது. அடுத்ததும் அரை. கொத்தனார் முகப்புக் கல்லை இரண்டாக உடைத்து, இரண்டு முகங்களாகக் காட்டிவிட்டார். முகப்புக் கல் விலை அதிகம். பின்னால் வைக்கும் அரைவேக்காட்டுக் கல் மலிவு. உடைத்தால் முகப்புக் கல் செலவு குறையும். வாழைத்தண்டின் பட்டை போல, நாலரை அங்குலத் தோல் தனியாகவும் சுவர் தனியாகவும் இருநூறு ஆண்டுகள் நின்றிருக்கின்றன.

உட்பக்கம் இன்னொன்று. சுண்ணாம்புச் சாந்து மெதுவாகவே இறுகும் என்பதால், எழும்பும் சுவர் அசையாமல் இருக்கச் சில வரிசைகளுக்கு ஒருமுறை படுக்கைவாட்டில் மரச்சட்டம் பதிப்பது அக்கால வழக்கம். மழைநீர் ஊறி அந்த மரம் உளுத்துப்போயிருந்தது; விரலால் கிள்ளினால் மூக்குப்பொடி போல உதிர்ந்தது. உட்பக்கம் மரம் நசுங்க நசுங்க, சுவர் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. முறுக்கிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைத் துளையிட்டுச் செலுத்தி இரண்டு அடுக்கையும் பிணைத்தோம். உளுத்த மரத்தை எடுத்துவிட்டுச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினோம்.

17 மார்ச்

"சிமென்ட் வைத்தால் இன்னும் பலமாக இருக்காதா?" இருக்காது. பழைய செங்கல் நீரை உறிஞ்சும். சுண்ணாம்புச் சந்து வழியாக அந்த ஈரம் வெளியேறும். சந்துகளைச் சிமென்ட்டால் அடைத்தால் ஈரம் செங்கல் வழியாகத்தான் போக வேண்டும். உறைபனிக் காலத்தில் கல்லின் முகம் செதில் செதிலாகக் கழன்று விழும். ஒரு காலத்தில் நான் வேலை பார்த்த அலுவலகம் இப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் இருந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர் முகப்பு முழுவதும் சிமென்ட் பூசி அழகு பார்த்தார். அடுத்த குளிர்காலத்தில் என் மேசைக்குப் பின்னாலிருந்த சுவரில் பூஞ்சை பூத்தது. முறையிட்டேன், சுவருக்கு நல்ல வண்ணம் அடித்துக் கொடுத்தார்கள்.

17 மார்ச், இரவு

செங்கல்லைப் பற்றி விட்டுப்போன செய்தி. லண்டன் மஞ்சள் கல்லை உடைத்துப் பாருங்கள். உள்ளே கருப்புப் புள்ளிகள் தெரியும். வீடுகளில் எரித்த நிலக்கரிச் சாம்பலைக் குப்பைக்காரர்கள் சேகரித்துக் களத்தில் கொட்டிச் சலிப்பார்கள். நுண்சாம்பல் செங்கல் மண்ணோடு கலக்கப்படும், கூடவே சுண்ணாம்புக்கல் மாவும் சேரும். சலிப்பில் நின்ற கங்குகள் சூளையில் எரிபொருளாகும். பச்சைக் கல்லுக்குள்ளேயே கரி இருப்பதால் கல் தன்னைத் தானே சுட்டுக்கொள்ளும். மஞ்சள் நிறம் சுண்ணாம்பால் வருவது. இந்த நகரம் தன் அடுப்புச் சாம்பலைக் கொண்டே தன் அடுத்த தெருவைக் கட்டியது.

21 மார்ச்

செங்கல்லுக்கும் வரி இருந்ததே, அதிலிருந்து தப்பத்தானே சுவரில் ஓடு பதித்தார்கள் என்று மூவர் எழுதியிருக்கிறீர்கள். ஆம், 1784இல் ஆயிரம் கல்லுக்கு இரண்டரை ஷில்லிங் என்று வந்தது. அமெரிக்க விடுதலைப் போரின் கடன் காரணம். 1794இல் 4 ஷில்லிங், 1803இல் 5 ஷில்லிங், 1850இல் நீக்கம். எண்ணிக்கைக்கு வரி என்பதால் சிலர் கல்லைப் பெரிதாக்கினார்கள். அரசு பெரிய கல்லுக்குக் கூடுதல் வரி போட்டு அந்த வழியை அடைத்தது.

ஆனால் தென் இங்கிலாந்து ஊர்களான பிரைட்டனிலும் லூயிஸிலும் செங்கல் போலத் தோன்றும் ஓடுகளைச் சுவரில் பதித்தது இந்த வரியிலிருந்து தப்பிக்கத்தான் என்பதை ஏற்க முடியவில்லை. அதே 1784இல் ஓட்டுக்கும் வரி வந்துவிட்டது. மரச்சட்டக வீட்டுக்குப் புதுப்பாணிச் செங்கல் முகம் மலிவாகவும் எடை குறைவாகவும் கிடைத்தது என்பதே போதுமான விளக்கம். அடைத்த ஜன்னலுக்குச் சொன்னதைத்தான் இங்கும் சொல்கிறேன்: வரி என்பது வழிகாட்டிகளுக்கு வசதியான விடை.

23 மார்ச்

உள்ளமைப்பைப் பற்றி விரிவாகக் கேட்டவருக்கு. ஒவ்வொரு தளத்திலும் முன்னறை, பின்னறை, ஒரு பக்கமாக நடையும் படிக்கட்டும். ஏறத்தாழ எல்லா வரிசை வீடுகளும் இதன் மாறுபாடுகளே. நடைக்கு இரு பக்கமும் ஜன்னல் கிடையாது என்பதால் வாசற்கதவுக்கு மேலே விசிறி வடிவக் கண்ணாடி வைத்தார்கள். அலங்காரம் என்று நாம் படமெடுக்கும் பொருள் உண்மையில் விளக்குச் செலவு குறைக்கும் ஏற்பாடு.

வசதியான வீடுகளில் முதன்மைப் படிக்கட்டு இயற்கைக் கல். ஒவ்வொரு படியின் ஒரு முனை சில அங்குலம் சுவருக்குள் செருகப்பட்டிருக்கும். மறுமுனை அந்தரத்தில் நிற்பது போலத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு படியும் தனக்குக் கீழுள்ள படியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. சுவர் அது முறுக்கிக்கொள்ளாமல் பிடித்திருக்கிறது. கீழே ஒரு படியை உடைத்து எடுத்தால் மேலே உள்ளவை என்ன செய்யும் என்று யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம். இரண்டாம் மாடியோடு கல் முடிந்துவிடும். அதற்கு மேலே குறுகலான மரப்படி, ஏனென்றால் மேலே போகிறவர்கள் வேலைக்காரர்களும் குழந்தைகளும்.

சமையல் நிலவறையில். நிலவறை முழுவதும் தோண்டப்பட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் பாதியளவே தோண்டி, அந்த மண்ணைத் தெருவில் கொட்டித் தெருவை உயர்த்தினார்கள். அதனால்தான் முன்பக்கம் படியிறங்கிப் போகும் அதே தளத்திலிருந்து பின்பக்கத் தோட்டத்துக்குப் பெரும்பாலும் சமமட்டத்தில் வெளியேற முடிகிறது. நடைபாதைக்கு அடியில் நிலக்கரி அறை. மேலே வட்டமான இரும்பு மூடி. கரிக்காரர் வீட்டுக்குள் வராமலேயே மூட்டையைக் கவிழ்த்துவிட்டுப் போகலாம். ஆள் நுழைய முடியாத அளவுக்கு மூடி சிறியது.

தரை சாய்ந்திருப்பது பற்றி: மேசையிலிருந்து விழுந்த பென்சில் அறையின் நடுச்சுவரை நோக்கி உருண்டால் பதற வேண்டாம். முன்னறைக்கும் பின்னறைக்கும் இடையிலுள்ள சுவர் மரச்சட்டகம். அது காலப்போக்கில் சுருங்கித் தாழ்ந்துவிட்டது, வெளிச்செங்கல் தாழவில்லை. அந்த மரச்சுவரில் புதிதாகக் கதவு வெட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அப்போது பதறுங்கள்.

24 மார்ச்

வாசலைச் சுற்றியுள்ள கல் இயற்கைக் கல் அன்று. எலனர் கோட் என்ற பெண்மணி 1769 முதல் லண்டனின் லம்பெத் பகுதியில் நடத்திய தொழிற்சாலையில் செய்த சுட்ட மண். சுட்டுப் பொடித்த மண், மணல், தீக்கல் தூள், கண்ணாடித் தூள் எல்லாம் களிமண்ணோடு பிசைந்து அச்சில் வார்த்து நாள்கணக்கில் சுட்டார்கள். பெட்ஃபோர்ட் சதுக்கத்தில் வாசல் வளைவின் உச்சியில் தாடி வைத்த முகங்கள் இருக்கின்றன. பக்கத்தில் போய்ப் பார்த்தால் மூக்கும் சுருள்முடியும் நேற்று வார்த்தது போலக் கூர்மையாக இருக்கும். அதே தெருவிலுள்ள இயற்கைக் கல் படிகள் நடுவில் குழிந்துவிட்டன. ஒரே அச்சு என்பதால் சில வாசல்கள் தள்ளி அதே முகம் மீண்டும் வரும். இங்கும் பாருங்கள், அலங்காரம் பட்டியலிலிருந்து வாங்கிய சரக்கு.

27 மார்ச்

பெட்ஃபோர்ட் சதுக்கத்தில் குடியிருந்தவர்களைப் பற்றிச் சுருக்கமாக. 6ஆம் எண்ணில் இங்கிலாந்தின் சட்டத் தலைவராக இருந்த எல்டன் பிரபு. 1815இல், தானிய இறக்குமதியைக் கட்டுப்படுத்திய தானியச் சட்டத்தை எதிர்த்த கூட்டம் அந்த வீட்டைத் தாக்கி உள்ளே புகுந்தது. குடும்பம் பின்தோட்டம் வழியாகப் பிரிட்டிஷ் அருங்காட்சியக வளாகத்துக்குள் தப்பியது. 11ஆம் எண் ஹைட்ரஜனை ஆராய்ந்த ஹென்றி கேவண்டிஷின் வீடு. 49ஆம் எண்ணில் ராஜாராம் மோகன் ராய் தங்கியிருந்தார். 1831இல் இங்கிலாந்து வந்தவர் 1833இல் பிரிஸ்டலில் இறந்தார். சுவரில் நினைவுப் பலகை இருக்கிறது. 47ஆம் எண்ணில் 1849இல் எலிசபெத் ஜெஸ்ஸர் ரீட் பெண்களுக்கான கல்லூரியைத் தொடங்கினார். 34 முதல் 36 வரையிலான வீடுகளில் 1917 முதல் கட்டடக்கலைச் சங்கத்தின் பள்ளி நடக்கிறது. முன்னறை, பின்னறை என்ற அமைப்பு அலுவலகத்துக்கும் வகுப்புக்கும் பொருந்திப்போனது. இந்தச் சதுக்கம் இடிபடாமல் தப்பியதில் அதற்கும் பங்கு உண்டு.

28 மார்ச்

சுவர் கருப்பாக இருப்பதைக் கேட்டவருக்கு: நிலக்கரிப் புகை. பிரிட்டிஷ் பிரதமரின் டவுனிங் தெரு 10ஆம் எண் வீட்டை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1960களின் தொடக்கத்தில் பழுதுபார்த்தபோது கழுவிப் பார்த்தால் கல் மஞ்சளாக இருந்தது. உலகம் கருப்பாகப் பார்த்துப் பழகிவிட்டதால் கருப்பு வண்ணம் அடித்துவிட்டார்கள். கரி படிந்த சுவரில் வெள்ளைக் கோடுகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அது இன்னொரு தந்திரம்: சந்துகளைக் கல்லின் நிறத்திலேயே நிரப்பி, அதன் மேல் சுண்ணாம்புக் களியால் நூல் பிடித்தாற்போல் மெல்லிய கோடு இழுப்பது. கோணலான கல்லும் அப்போது கச்சிதமாகத் தோன்றும்.

2 ஏப்ரல்

ஜன்னலின் வயதைக் கண்டுபிடிக்கும் வழியைத் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். மேலும் கீழும் நகரும் ஜன்னலில் மேல்சட்டத்தின் அடி ஓரங்களில் சிறு கொம்பு போல மரம் நீண்டிருந்தால் அது பெரும்பாலும் 1840களுக்குப் பிந்தியது. கனமான பெரிய கண்ணாடி வந்தபின் மூட்டை வலுப்படுத்த வைத்தார்கள். கண்ணாடியைப் பிரிக்கும் குச்சிகள் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டைவிரல் கனம். 1800ஐ ஒட்டி அரை அங்குல அளவுக்கு மெலிந்துவிட்டன. பழைய கண்ணாடி ஊதிச் சுழற்றிய தட்டிலிருந்து வெட்டியது. சாய்வாகப் பார்த்தால் எதிர் வீட்டுக் கோடுகள் லேசாக நெளியும். எடைக்கு வரி என்பதால் மெல்லியதாகவே செய்தார்கள். பாருங்கள், வரிக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டேன்.

3 ஏப்ரல்

"சட்டத்தை யாரும் மீறவில்லையா?" சர் ஜான் சோன் மீறியதாக அளவையர் கருதினார். சோன் ஒரு கொத்தனாரின் மகன். இங்கிலாந்து வங்கியின் கட்டடக் கலைஞராக உயர்ந்தவர். லண்டனின் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் சதுக்கத்தில் 12ஆம் எண் வீட்டை 1792 முதல் 1794 வரை தனக்காகக் கட்டினார். அது அடக்கமான செங்கல் முகப்பு. 1812இல் பக்கத்திலுள்ள 13ஆம் எண்ணின் முகப்பை மாற்றியபோது போர்ட்லாந்து என்ற வெண்ணிற இயற்கைக் கல்லால் ஒரு முன்கூட்டை வெளியே நீட்டினார். மேலே கோட் தொழிற்சாலையின் இரண்டு பெண் சிலைகளையும் நிறுத்தினார். முன்கூடு தெருக்கோட்டைத் தாண்டுகிறது என்று வட்டார அளவையர் வழக்குத் தொடுத்தார். சோன் வென்றார்.

மூன்று வீடுகளையும் சேர்த்துப் பார்த்தால் இந்த இழையில் பேசியதற்கெல்லாம் சான்று கிடைக்கும்: 12ஆம் எண்ணிலும் 1823–24இல் கட்டிய 14ஆம் எண்ணிலும் செங்கல்லின் ஒழுங்கு, நடுவில் அதை மீறிய ஒருவரின் கல். 1833இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் தன் வீட்டை அருங்காட்சியகமாக நாட்டுக்கு விட்டுச் சென்றார், 1837இல் இறந்தார். அனுமதி இலவசம். படிக்கட்டையும் பின்னறைகளையும் பார்க்க வேண்டுமானால் பெட்ஃபோர்ட் சதுக்கத்தில் கதவு தட்டுவதைவிட அங்கே போவது எளிது. பெரிய பைகளை வெளியே வைத்துவிட்டுப் போங்கள், நடை மிகக் குறுகல்.